அப்பா பார்த்த வானம், செயலி காட்டிய காற்று

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். வயது 27. மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பாவோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். இந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் செல்போன் செயலி மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்று காட்டியிருக்கிறது. அப்பா வானத்தைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேணாம்" என்றிருக்கிறார். இவர்கள் போகவில்லை. போனவர்கள் நல்ல மீன்பாட்டோடு கரைக்கு வந்துவிட்டார்கள். அது ஆறுவதற்குள் அடுத்தது: தங்கச்சி கல்யாணத்தை ஊர் செய்கிற மாதிரி செய்ய வேண்டும், வட்டிக்கு வாங்கு என்கிறார்கள். இவருக்கு மனசில்லை. "எல்லாத்துக்கும் ஊரோட ஒத்துப் போகணுமா? சொந்தமா யோசிச்சா திமிருங்கிறாங்க" என்று முடித்திருக்கிறார்.

இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. அன்றைக்கு யார் சொன்னது சரி என்பது ஒன்று. அது சின்னக் கேள்வி. தம்பி உண்மையில் கேட்பது இன்னொன்று என்று எனக்குப் படுகிறது. ஊர் சொல்வதை மறுக்கத் தோன்றும்போது, அது யோசித்ததால் தோன்றுகிறதா, சொல்கிறவர்கள் மேல் இருக்கும் எரிச்சலால் தோன்றுகிறதா என்று தனக்குத் தானே எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. ஒரு வங்கியில் 28 வருஷம் வேளாண் கள அலுவலராக இருந்தேன். அதில் பெரும்பகுதி தொண்டிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் கழிந்தது. படகு, வலை, மிளகாய், ஆடு, இறால் குட்டை என்று கடன் கேட்டு வந்தவர்கள் எடுத்த முடிவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் என் படிப்பு. ஒருவர் முடிவு என்ன ஆயிற்று என்பது மூன்று வருஷத்தில் பேரேட்டில் வந்து நின்றுவிடும். அந்த வசதி எல்லாத் தொழிலிலும் கிடைக்காது. ஆகவே காற்றைப் பற்றி நான் சொல்வதைக் கேள்வி ஞானமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடனைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் என் புத்தி தோற்ற கதை. 1986இல் ராமநாதபுரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது கும்பகோணம் பக்கத்தில் இருந்த என் வீட்டில் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. 'தண்ணியில்லாக் காடு' என்று அரசு அலுவலகங்களில் மிரட்டுவார்களே, அந்தக் காடு இதுதான். வந்த முதல் புரட்டாசியில், காய்ந்து கிடக்கும் நிலத்தைப் புழுதி பறக்க உழுது அதில் விதைநெல்லைத் தூவிக்கொண்டிருந்தார்கள். நாற்றங்கால் விட்டு, சேறடித்து, நடவு நட்டுப் பழகிய கண்ணுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கண்மாய் நிறையட்டும், நடலாம் என்று ஒரு பெரியவரிடம் பாடம் நடத்தினேன். அவர் மறுத்துப் பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இங்கே வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். கண்மாய் நிறையும்வரை காத்திருந்து நட்டால், கதிர் வாங்கும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. புழுதியில் கிடக்கும் விதை முதல் மழையையே பிடித்துக்கொள்ளும். இது எனக்குப் புரிய இரண்டு வெள்ளாமை ஆயிற்று.

அதைவிட நன்றாகப் பதிந்தது தண்ணீர் விஷயம். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி உட்கார்ந்திருந்தார். குழி ஒரு கை ஆழம்கூட இருக்காது. அலை பாயும் இடம் கூப்பிடு தூரத்தில். சிரட்டையால் கோதி, மணல் தெளியக் கொஞ்சம் பொறுத்து, குடத்தில் ஊற்றினார். குழியில் மறுபடி தண்ணீர் ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். வாங்கிக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. 'இன்னும் ரெண்டு ஆள் ஆழம் தோண்டி ஒரு பம்பு வைத்தால் இப்படிக் காத்திருக்க வேண்டாமே' என்றேன். "ஆழத் தோண்டுனா அடியில உப்புல்ல கெடக்கு சார்" என்றார், குழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காரணம் அவருக்குத் தெரியாது, அவர் அம்மா சொன்னது அவ்வளவுதான். காரணம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கடற்கரை மணலில் பெய்யும் மழை, உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதை அப்படியே திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல் மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்தார்கள். சில மாதம் தித்திப்பான தண்ணீர். அப்புறம் தென்னங்கீற்று நுனி கருகியது. ஒரு நாள் டீக்கு வைத்த பால் திரிந்தது. அவர் முட்டாள் இல்லை, என் மாதிரி யோசித்தவர்தான். ஆழமாகப் போனால் தண்ணீர் அதிகம் என்பது மற்ற ஊரில் எல்லாம் சரியான யோசனை.

இதிலிருந்து 'பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று நான் முடிவு கட்டியிருந்தால், அடுத்த பத்து வருஷத்தில் வந்தது அந்த முடிவையும் கவிழ்த்துவிட்டது. 90களின் தொடக்கத்தில் வடகடலோரம், அதாவது பாக் நீரிணைப் பக்கம், இறால் பண்ணை வந்தது. டைகர் இறால், நாலு மாதத்து வெள்ளாமை, ஏற்றுமதி விலை. முதலில் குட்டை வெட்டியவர்கள் முதல் இரண்டு அறுவடையில் மாடி கட்டினார்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: இறால். டீக்கடையில் இறால், கல்யாண வீட்டில் இறால். ஒரே காலாண்டில் எங்கள் கிளைக்குப் பதினாலு விண்ணப்பம் வந்தது. பதினாலு பேரின் வரவு செலவுத் திட்டமும் ஒரே ஆளின் கையெழுத்தில் இருந்தது. யாரோ ஒருவர் எழுதியதைப் பெயர் மாற்றிப் படியெடுத்திருந்தார்கள். குட்டைகள் எல்லாம் ஒரே ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து அதே ஓடையில் கழிவை விடுகின்றன என்பதைக் கள ஆய்வில் நான் பார்த்தேன். ஒரு குட்டையில் நோய் வந்தால் அந்தத் தண்ணீரைத்தான் அடுத்த குட்டை குடிக்கும். குறிப்பில் எழுதவும் செய்தேன். மேலே இலக்கு இருந்தது, பக்கத்துக் கிளை கொடுத்துவிட்டது என்றார்கள். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சொந்தப் புத்தி இல்லாமல் நான் போட்ட கையெழுத்து இல்லை அது. புத்தி இருந்தது, அதைக் கோப்பின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வைத்துவிட்டு ஊரோடு போனேன்.

1994, 95இல் கிழக்குக் கரை முழுக்க வெள்ளைப் புள்ளி நோய் இறங்கியது. ஒரு விடியற்காலை, நாலு மணி இருக்கும், ஒரு பண்ணைக்காரர் ஆள் விட்டு என்னை வரச் சொன்னார். டார்ச் அடித்துக் காட்டினார். இறால்கள் குட்டையின் ஓரத்துக்கு ஏறி வந்து கரையை ஒட்டி அசையாமல் நின்றன. ஒன்றைக் கையில் எடுத்து, தலை ஓட்டை நகத்தால் உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வட்ட வட்டப் புள்ளிகள். மூன்று நாளில் குட்டை காலி. 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. நோயில் தப்பியவர்களையும் அது பிடித்தது.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவர் மட்டும் கடைசிவரை குட்டை வெட்டவே இல்லை. எல்லாரும் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள், பிறகு தீர்க்கதரிசி என்றார்கள். நான் போய்க் கேட்டேன். "வீட்டுக்காரிக்கு அந்த வாடை ஆகாது சார்" என்றார். அவ்வளவுதான் காரணம். இன்னொருவர் உண்மையாகவே யோசித்தவர். தண்ணீரைப் பரிசோதித்தார், குஞ்சுகளை நெருக்கிவிடவில்லை, தனியாகத் தேக்கக் குட்டை வைத்தார். அவருக்கும் எல்லாம் போனது. ஓடை பொது ஆயிற்றே. முடிவு நன்றாக வந்துவிட்டது என்பதற்காக யோசனை நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது, தம்பி. மறுபக்கமும் அப்படித்தான். அன்றைக்குக் கடலுக்குப் போனவர்கள் மீனோடு வந்தார்கள் என்பது உங்கள் அப்பாவுக்கு எதிரான சாட்சி ஆகாது என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஊற்றுத் தண்ணீர் பற்றிய பேச்சும் இறால் பற்றிய பேச்சும் இரண்டுமே ஊர்ப் பேச்சுதான். ஆனால் ஒன்றுக்குப் பின்னால், தப்பாகத் தோண்டி உப்புத் தண்ணீர் குடித்த பல தலைமுறை இருக்கிறது. இன்னொன்றின் வயது இரண்டு அறுவடை, அதிலும் லாபம் பார்த்தவர்கள் மட்டுமே பேசினார்கள். ஆகவே 'ஊர் சொல்கிறது' என்றால் நான் முதலில் கேட்பது, இதைச் சொல்கிறவர்களில் யாராவது இதில் அடிபட்டிருக்கிறார்களா என்பதுதான். அடிபட்டவர் சொன்னால் காரணம் புரியாவிட்டாலும் கொஞ்சம் பொறுப்பேன். பார்த்தவர் சொன்னதைக் கேட்டவர் சொன்னால் என் கணக்கை நானே போட்டுப் பார்ப்பேன். இது நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று சொல்லமாட்டேன். அடிபட்டவர்கள் அளவுக்கு மீறிப் பயப்படுவதும் உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது: தனி ஆளாக யோசித்து சரியான முடிவுக்கு வந்தாலும் தனி ஆளாக அதைச் செய்ய முடியாத விஷயங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் இதைப் பார்த்தேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்து, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி இடுப்புப் பையில் போடுவார்கள். விட்டு விட்டு எடுத்தால்தான் திரும்ப முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் இன்றைக்கு நான் விட்டுவைத்தால் நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள். அப்புறம் என் அறிவு எனக்கு எதற்கு? அவர்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த முயற்சியில் முன்னே நின்ற பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி என்பவருக்கு 2015இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு ஒரு அமெரிக்க அமைப்பு கொடுக்கும் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதாவது யாரோ சிலர் தனியாக யோசித்தது ஊர் வழக்கமாக மாறியது. என் இறால்காரர் ஓடையைப் பற்றி யோசித்ததும் இதே மாதிரி யோசனைதான். அதை மற்றப் பதின்மூன்று பேரோடு உட்கார்ந்து பேசுவதற்கு அவருக்கு ஆள் இல்லை. நானாவது கூட்டிவைத்திருக்கலாம்.

சரி, உங்கள் காற்றுக்கு வருகிறேன். அன்றைக்கு வடகடலா, தென்கடலா (மன்னார் வளைகுடா) என்று நீங்கள் எழுதவில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். இது உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், செயலிக்குத் தெரியாது. உலகம் முழுவதற்கும் கணிக்கிற கணினி மாதிரிகளில் நுட்பமானவற்றில் ஒன்றுக்கே சுமார் 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். மண்டபத்தில் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கடலும் கரையும் அடங்கிவிடுகிறது. அது தரும் 20 கிலோமீட்டர் என்பது அந்தக் கட்டத்தின் சராசரி. இடிமேகத்தோடு வரும் திடீர்க் காற்று அந்த எண்ணில் பெரும்பாலும் இருக்காது. வடகடல் ஆழம் குறைந்தது என்பதால் காற்று எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அலை குட்டையாக, நெருக்கி நெருக்கி எழும்பும். இந்த மாதிரி அரை நாள் விஷயத்தில் உங்கள் அப்பா கண்ணை நான் நம்புவேன்.

புயல் என்றால் கதை வேறு. நாலு நாளைக்கு முன் அந்தமான் பக்கம் உருவாகிற தாழ்வு மண்டலம் மண்டபத்து வானத்தில் தெரியாது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே பயணிகளோடு கடல் கொண்டுபோனது. இன்று செல்போனில் பார்க்கிற செயற்கைக்கோள் படம் அன்று யார் கையிலும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரிக் கடலில் போனவர்கள் அனுபவம் இல்லாதவர்களா? தலைமுறை தலைமுறையாக ஆழ்கடல் பார்த்தவர்கள். புயல் வேகமாக வலுத்தது, எச்சரிக்கை எட்டுவதற்குள் பலர் வெகுதூரம் போயிருந்தார்கள். ஆகவே வானிலை மையம் போகாதே என்றால், அப்பா போகலாம் என்றாலும் போகாதீர்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது அனுபவம் பேசக் கூடாது.

இதில் கடன் கொடுக்கிறவன் போடும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 'போகாதே' என்பது தப்பானால் ஒரு நாள் மீன்பாடு போகும். 'போ' என்பது தப்பானால் படகு போகும், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஆகவே உங்கள் அப்பா பத்துத் தடவை போகாதே என்று சொல்லி ஒன்பது தடவை கடல் சும்மா இருந்தாலும், அவர் நல்ல ஆலோசகர்தான்.

கல்யாணக் கடனில் எனக்குத் தயக்கமே இல்லை. நூற்றுக்கு மூன்று வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கினால் மாதம் 9,000 ரூபாய், வருஷத்துக்கு 1,08,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். ஆடி, ஆவணியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கடல் எத்தனை நாள் விடும் என்பது உங்களுக்குத் தெரியும். வட்டிக்கு அந்தக் கணக்குக் கிடையாது. ஆனால் மொய்யையும் செய்முறையையும் இதே மூச்சில் திட்டாதீர்கள். அது வட்டியில்லாக் கடன், சொந்தக்காரர்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வீட்டில் மொய் நோட்டு இருக்கும், அதை எடுத்து வைத்து அப்பா இதுவரை யார் யாருக்கு எவ்வளவு செய்திருக்கிறார், அதில் எவ்வளவு இன்னும் திரும்பவில்லை என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து கூட்டுங்கள். எல்லாம் வந்துவிடாது. முக்கால் பங்கு வரும் என்று வைத்து, அந்தத் தொகைக்குள் பந்தியை வையுங்கள். குறைகிறதற்கு வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன், அதன் வட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 'ஊர் மாதிரி செய்யமாட்டேன்' என்று கூட்டத்தில் அறிவிக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்களைத் திமிர் என்கிறவர்கள் பெரும்பாலும் முடிவுக்காகச் சொல்வதில்லை, அறிவித்த விதத்துக்காகச் சொல்கிறார்கள். தங்கச்சியிடம் கேட்டீர்களா என்பதையும் எழுதவில்லை. இந்த விஷயத்தில் ஊருக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஆள் அந்தப் பிள்ளைதான்.

காற்றுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் ராத்திரி செயலி சொன்ன எண், காலையில் அப்பா சொன்ன வார்த்தை, உங்கள் மனதுக்குப் பட்டது, மத்தியானம் எந்தக் கடலில் என்ன அடித்தது என்று நாலு வரி. உங்கள் மனதுக்குப் பட்டதைக் கடல் தெரிவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும், பிற்பாடு எழுதினால் நாம் எல்லாருமே சரியாகத்தான் சொல்லியிருப்போம். அப்பாவிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள். மறைத்து எழுதினால் அது அவர் மேல் கட்டுகிற வழக்குக் கட்டு ஆகிவிடும். காட்டி எழுதினால், அவரே மேகத்தைக் காட்டி 'இதையும் எழுது' என்று ஏதாவது சொல்வார், அது எந்தச் செயலியிலும் கிடைக்காது. கச்சான் ஓய்ந்து வாடை திரும்பும்போது அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அப்பா பத்துக்கு ஆறா, எட்டா என்று எனக்கும் பார்க்க வேண்டும்.